நினைவுக்காக அணியும் இயற்கைப் பொருள் நகைகள்: ஆண்டுக்கணக்கில் அணிந்தபின் தெரிவது

கைவினை நகையில் முதலில் கைவிடுவது நூல். அடுத்து வளையம், அதற்கடுத்து பசை. கல்லும் விதையும் மரமும் பழுதாவது கடைசியில்தான், அதுவும் அணியும் இடத்துக்குப் பொருந்தாததைத் தேர்ந்திருந்தால். ஆற்றில் எடுத்த கூழாங்கல், பாட்டி விட்டுப்போன முத்து, வெட்டிவிட்ட மரத்தின் ஒரு துண்டு ஆகியவற்றுக்கு மாற்றுக் கிடைக்காது. மற்ற எல்லாவற்றுக்கும் கிடைக்கும். எனவே நினைவுக்குரிய பொருளை எப்போது வேண்டுமானாலும் சேதமின்றிக் கழற்றி மறுபடி கட்ட முடியுமா என்பதை முதலில் பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டிய பதக்கத்தைவிடக் கம்பி சுற்றியதோ துளையிட்டுத் தொங்கவிட்டதோ பல மடங்கு மேல்.

பொருளைத் தேர்வதற்கு முன் உடம்பில் எங்கே என்று முடிவு செய்யுங்கள். மோதிரம்தான் அதிகம் அடிபடும். அடுத்து வளையல், பிறகு கழுத்து மாலை. தோடு தப்பித்துக்கொள்ளும். வீட்டுத் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. அதில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் 7. முத்து 2.5 முதல் 4.5 வரை, பவளம் 3 முதல் 4, பழங்கால மரப்பிசின் கெட்டிப்பட்ட அம்பர் 2 முதல் 2.5, நீலப்பச்சைக் கல்லான டர்க்காய்ஸ் 5 முதல் 6. அதாவது உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே முத்தும் அம்பரும் கீறலாகி மங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். தினமும் போடும் மோதிரத்துக்கு அகேட், ஜேட், படிகக்கல் ஆகியவை போதும். நிலாக்கல்லின் கடினம் 6க்கு மேல் இருந்தாலும் உள்ளே பிளவுத்தளங்கள் உண்டு. ஓர் அடியில் பிளந்துவிடும். அதைக் கழுத்தோடு நிறுத்துவது நல்லது.

நிறமும் நிரந்தரம் அல்ல. செவ்வந்திக்கல்லும் ரோஜா நிறப் படிகமும் ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் இருந்தால் வெளிறலாம். பதப்படுத்தாத டர்க்காய்ஸ் தோலின் எண்ணெயையும் வாசனைத் திரவியத்தையும் உறிஞ்சி நீலத்திலிருந்து பச்சைக்கு மாறும். சிலருக்கு அந்த மாற்றமே பிடித்துப்போகிறது. பிடிக்காதவர்கள் ரெசின் என்ற செயற்கைப் பிசின் ஏற்றி உறுதிப்படுத்திய கல்லா என்று கேட்டு வாங்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. டர்க்காய்ஸ் என்று விற்பதில் ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றியதும் கலந்திருக்கும். பஞ்சில் அசிட்டோன் என்ற கரைப்பான் திரவம் தொட்டு, துளையோரம் போன்ற மறைவான இடத்தில் தேய்த்தால் பல சாயங்கள் பஞ்சில் ஏறிவிடும். அம்பருக்கு 200 மில்லி நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, உலோகம் எதுவும் சேராத தனி மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் முதிராத பிசினான கோபலும் மிதக்கும். கோபலில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் சிறிது நேரத்தில் பிசுபிசுக்கும். சில பிளாஸ்டிக்குகளும் இரண்டிலுமே குழப்பும் என்பதால், ஒரு சோதனையோடு தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

இனி நூல். எலாஸ்டிக் கைவளை போட எளிது, ஆனால் தினமும் அணிந்தால் ஓராண்டு தாண்டுவது அரிது. மணியின் துளையோரம் நூலை அரம்போல் அறுக்கிறது. வியர்வையும் சேர்ந்து இழுவையைக் குறைக்கிறது. நினைவுப் பொருளை எலாஸ்டிக்கில் கோக்கவே வேண்டாம். கனமான கல்மணிகளுக்கு 49 இழை கொண்ட, 0.38 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கோர்வைக் கம்பி நன்றாக உழைக்கிறது. கடைசியில் கம்பி முனையைப் பிடித்துவைக்கும் சிறு உலோக மணியான க்ரிம்ப் மணியை நசுக்கும்போது 1 முதல் 2 மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். இறுக்கமாக நசுக்கினால் மாலை கழுத்தில் வளையும்போது முழு இழுவையும் க்ரிம்ப் ஓரத்தில் விழுந்து கம்பி அங்கேயே முறியும். முத்துக்குப் பட்டு நூல், ஒவ்வொரு முத்துக்கு நடுவிலும் ஒரு முடிச்சு. அறுந்தாலும் ஒரு முத்துதான் உருளும். முத்தோடு முத்து உரசாது. முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ நூல் கறுத்தாலோ மறுபடி கோக்க வேண்டும். அடிக்கடி அணிபவர்களுக்கு அது ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

தொங்கலைத் தாங்கும் வளையம் 0.8 மில்லிமீட்டருக்கு மெல்லியதாக இருந்தால் மெல்ல வாய் திறக்கும். பற்றவைத்ததோ இரட்டைச் சுற்றோ கேட்டு வாங்குங்கள். திறக்கும் வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் திறக்க வேண்டும். இரு முனைகளையும் எதிரெதிரே இழுத்து அகலமாக்கினால் பழைய வட்டம் திரும்பாது. பித்தளை விடும் பச்சைக் கறை சோப்பில் போய்விடும். அரிப்பு வந்தால் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம், டைட்டானியத்துக்கு மாறுங்கள்.

நீங்களே பொறுக்கிய கூழாங்கல் என்றால் அதைக் காய்ந்த நிலையில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீரில் மின்னிய நிறத்தில் பாதிகூட உலர்ந்தபின் இருக்காது. நனைத்து எடுத்து உலரவிட்டால் விரிசல் இருக்கும் கோடு மட்டும் கடைசிவரை கருமையாக நிற்கும். அந்தக் கல்லில் துளையிடாதீர்கள். மற்றதைத் தட்டில் நீருக்குள் வைத்து, 2 மில்லிமீட்டர் வைர பிட்டால், பேட்டரியில் ஓடும் டிரில்லை மெதுவாகச் சுழலவிட்டு, லேசான அழுத்தத்தோடு துளையிட வேண்டும். பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். ஒரே பக்கமாக இறக்கினால் வெளிவரும் இடத்தில் சில்லு பெயர்ந்துவிடும். ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். உலர்ந்த நிலையில் துளையிடவே கூடாது. கல்தூசி நுரையீரலில் தங்கிவிடும். கிளிஞ்சலுக்கும் இதே எச்சரிக்கை.

மரத்தில் பலரும் தவறுவது கிளையைக் குறுக்கே வட்டமாக அரிவதில். மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வட்டத் துண்டு மையத்திலிருந்து பிளக்கிறது. நீளவாக்கில் அரிந்து, நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றபின் வேலையைத் தொடங்கலாம். மெருகுக்குத் தேன்மெழுகு போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடித்து நாறும். பழைய கதவின் துண்டானால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம்.

விதைகளைக் கோக்குமுன் உறையிட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளிருக்கும் வண்டு செத்துப்போகும். எடுத்தபின் அறைச்சூட்டுக்கு வரும்வரை உறையைத் திறக்காதீர்கள், ஈரம் படியும். குன்றிமணி பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்: அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. முழு ஓடு அதை அடைத்துவைக்கிறது, ஊசி துளைத்த மணி அடைப்பதில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது எந்த நினைவுக்காகவும் வேண்டாம்.

ரெசினில் பதித்த பூக்கள்தான் எங்களுக்கு அதிக ஏமாற்றம் தந்தவை. இதழில் துளி ஈரம் மிச்சமிருந்தாலும் சில வாரங்களில் பழுப்பேறும். ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லில் ஒரு வாரமாவது உலர்த்த வேண்டும். வெள்ளை இதழ்கள் ரெசினில் நனைந்து ஊடுருவித் தெரியும். எபாக்சி ரெசினும் வெயிலில் மஞ்சளாகும், அதைத் திருப்ப வழியில்லை. பூவோ தலைமுடியோ திறந்து மூடும் கண்ணாடிப் பதக்கத்துக்குள் வைப்பதையே பரிந்துரைக்கிறோம். முடியை எண்ணெய்ப் பசை போக நீர்த்த சோப்பில் அலசி, நன்கு உலர்த்தி, மெல்லிய நூலால் கட்டி வையுங்கள்.

பரம்பரையாக வந்த கடலாமை ஓட்டு நகை இருந்தால் அதோடு எல்லை கடக்காதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், கடலாமைகள் மிகக் கடுமையான தடை உள்ள முதல் இணைப்பில் இருக்கின்றன. உரிய ஆவணம் இல்லையென்றால் பறிமுதல் ஆகலாம்.

வாங்கும்போது இரண்டு மூன்று மணிகளைக் கூடுதலாகக் கேளுங்கள். அவற்றுடன் நூலின் வகை, தடிமன், கொக்கியின் உலோகம், கல் சாயமேற்றியதா இல்லையா என்பதை எழுதிய சீட்டொன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கோத்துத் தருபவர் வேறொருவராக இருக்கலாம்.