ருமேனியாவா, ஹங்கேரியா? பழைய பூவேலை பிளவுஸை உள்பக்கம் திருப்புங்கள்

கழுத்தில் சுருக்கு, கையில் பூ, இது போதும். பழைய துணி விற்கிறவர்கள் '1930களின் ஹங்கேரி பிளவுஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயரில் ருமேனியாவும் வரும், மெக்ஸிகோவும் வரும், 1970களின் ஹிப்பி மோகத்துக்காக இந்தியாவில் தைத்து அனுப்பியதும் வரும்.

அதிகம் குழம்புவது ருமேனியாவும் ஹங்கேரியும்தான். ருமேனியப் பூவேலை பிளவுஸான 'இயே'வில் கையைப் பாருங்கள்: தோளில் அடர்த்தியான ஒரு பட்டை (அல்டிட்ஸா), அதன் கீழே பெரும்பாலும் ஒரே நிறத்தில் ஒடுங்கிய இன்னொரு பட்டை, அப்புறம் மணிக்கட்டை நோக்கி நேராகவோ சாய்வாகவோ இறங்கும் வரிகள். இழை எண்ணிப் போடும் வேலை, அதனால் பூகூடக் கட்டம் கட்டமாகத்தான் வரும். ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் சேர்த்து 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது இந்தத் தோள் வேலைதான். ஹங்கேரியின் மாத்யோ, கலோச்சா எனும் வட்டாரப் பூவேலைகள் வேறு ரகம். துணிமேல் ரோஜாவை வரைந்துகொண்டு இழைகளை நெருக்கி அடுக்கும் சாட்டின் தையலால் நிரப்புவார்கள், கோடு இஷ்டத்துக்கு வளையும். கழுத்துச் சுருக்கு இரண்டிலும் உண்டு, அதை வைத்து ஊர் சொல்ல முடியாது.

மெக்ஸிகோ சுலபம். ஓஹாகா மாநிலத்துச் சான் அன்டோனினோ ஊர் பிளவுஸில் மார்புச் சுருக்கத்தில் குட்டிக் குட்டி மனித உருவங்கள் வரிசையாக நிற்கும். அந்தத் தையலின் பெயரே 'முடிந்தால் என்னைச் செய்து பார்'!

சரி, வயது? லேபிளா, உள்தையலா என்றால் என் ஓட்டு உள்தையலுக்கு. லேபிள் பயன்படாது என்றில்லை: 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 1918க்கும் 1992க்கும் நடுவே, அமெரிக்காவில் விற்றதில் துவைக்கும் முறை தைத்திருந்தால் 1972 ஜூலையில் வந்த விதிக்குப் பிறகு என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் வீட்டில் தைத்ததில் லேபிளே இருக்காது, கடையில் வாங்கியதிலும் யாராவது கத்தரித்திருப்பார்கள், ஆகவே லேபிள் இல்லாததே பழமைக்குச் சாட்சி ஆகாது. உள்பக்கம் அப்படி ஏமாற்றாது. ஒடுங்கிய கைத்தறித் துணியை வீணாக்காமல் நீள்சதுரங்களாக வெட்டி, ஓரக்கரையோடு ஓரக்கரை சேர்த்து, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்திருந்தால் அது கிராமத்து வெட்டு. அக்குள் வளைவாக வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. பூவின் பின்புறம் ஒரே வெள்ளை நூல் சீராக ஓடினால் மிஷின் எம்பிராய்டரி. ஆனால் ஷிஃப்லி என்ற எம்பிராய்டரி மிஷினே 1863இல் வந்துவிட்டது, எனவே மிஷின் என்றால் புதுசு என்றும் முடிவு கட்டாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் உள்தையலில் தொங்கும் பிசிறு ஒன்றைக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனை என்றால் பருத்தி, லினன் அல்லது ரேயான், முடி கருகும் வாசனை என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். அந்தத் தையல் 1930களில் போட்டதில்லை. புற ஊதா விளக்குச் சோதனையை நான் நம்புவதில்லை, இன்றைய சோப்புத் தூளில் ஒருமுறை துவைத்தாலே பழைய பருத்தியும் நீலமாக ஒளிரும்.

இன்னொரு சிக்கல் உண்டு. உடல் துணி நைந்துபோனால் பூவேலை செய்த கையைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைப்பது பழைய வழக்கம். அப்படிப்பட்ட பிளவுஸுக்கு ஒரே வருடம் எழுதினால் தப்பு. கைக்கு ஒரு வயது, உடலுக்கு ஒரு வயது என்று தனித்தனியாகவே குறித்துக்கொள்ளுங்கள்.