புதிய பின்பால் இயந்திரம்: 163 ஆட்டத்தில் உரிந்த பலகை

வரியும் போக்குவரத்துச் செலவும் சேர்த்துப் பத்தாயிரம் டாலருக்குச் சற்றே குறைந்த விலையில், பிரிக்கப்படாத அட்டைப் பெட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய ஒரு புதிய பின்பால் இயந்திரத்தைப் பற்றிய மதிப்புரை இது. ஆட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். தயாரிப்புத் தரத்துக்கு ஒன்று. விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு, கண்காட்சி அரங்கில் எல்லோர் முன்னிலையிலும் பலகையை மூடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றி அதை நான் திறந்து வைத்த நாள் வரை பூஜ்யம்; அதற்குப் பிறகு இரண்டு. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குண்டு உருளும் பலகையின் மேற்பூச்சு உரியும் இதே குறை கடந்த சில ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களின் இயந்திரங்களில் தலைகாட்டியிருக்கிறது. ஒருவர் பெயரை மட்டும் எழுதினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நம்மில் பலர் பின்பாலை முதலில் பார்த்தது விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான். பிரவுசிங் சென்டரில் இணையம் வராத நேரங்களில் விண்வெளிப் படம் போட்ட அந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்கு, உண்மையான இயந்திரம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஏறத்தாழ 110 கிலோ எடை. 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு, ஆறரை டிகிரி சாய்த்து வைத்த பலகையில் உருண்டு வருகிறது. குண்டைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்பான ஃபிளிப்பரின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள் அதை உந்தும் அதிர்வு உள்ளங்கை வரை ஏறுகிறது. நான் வாங்கிய இயந்திரம் இந்த வகையில் மிகச் சிறந்த ஒன்று. இடப்பக்கச் சரிவுப் பாதையில் ஏறும் குண்டு, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வலப்பக்க ஃபிளிப்பரின் நுனியில் வந்து இறங்கும் லாவகத்துக்காகவே இன்னொரு முறை பணம் கொடுக்கலாம் என்று முதல் வாரத்தில் நினைத்தேன். விதிகளும் ஒலியும் விளக்கமைப்பும் குறை சொல்ல முடியாதவை. அவற்றை உருவாக்கியவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் குண்டுகளைத் துடைப்பதற்காகக் கண்ணாடியை எடுத்தேன். இடப்பக்கத்தில், ரப்பர் வளையத்தைத் தாங்கி நிற்கும் சிறிய உலோகக் கம்பத்தைச் சுற்றி, ஆறிப்போன பாலின் மேல் ஆடை சுருங்குவதைப் போலப் பளபளப்புப் பூச்சு மடிந்து நின்றது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மடிப்புகளை எண்ணவே முடிந்தது. அதற்கு அடுத்த கம்பத்தின் கீழே, சுண்டுவிரல் நகத்தின் பாதி அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, அதனோடு அச்சிட்ட ஓவியமும் போய், வெறும் மரம் தெரிந்தது. பெயர்ந்த துண்டு பலகையின் அடியில், குண்டு வெளியேறும் பள்ளத்தில் கிடந்தது. அதை எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். பிறகு இயந்திரத்தின் கதவைத் திறந்து பராமரிப்புப் பட்டியலில் ஆட்டக் கணக்கைப் பார்த்தேன்: 163. கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்று, நல்ல கூட்டமிருந்தால் இரண்டு மூன்று நாளில் பார்த்துவிடும் எண்ணிக்கை அது.

இந்தப் பலகையைப் பற்றிச் சிறிது விளக்காமல் என் புகாரின் நியாயம் புரியாது. மேப்பிள் மரத்தாலான, சுமார் அரை அங்குலத் தடிமனுள்ள பிளைவுட் அது. அதன் மேல் ஓவியம் அச்சிடப்பட்டு, அதற்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் கண்ணாடி போன்ற யூரித்தேன் பூச்சு அடிக்கப்படுகிறது. கார்களுக்கு அடிக்கும் பூச்சின் உறவுதான். இந்தப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வருவது வேறு, அடிவரை இறுகுவது வேறு. அடிவரை இறுகுவதற்கு முன்பே துளையிட்டுக் கம்பங்களை முறுக்கி இறுக்கினால், கம்பத்தின் அடிப்பாகம் பூச்சை நசுக்கிப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதுதான் நான் பார்த்த மடிப்பு. அதன் பிறகு ஒவ்வொரு முறை குண்டு வந்து மோதும்போதும் கம்பம் இம்மியளவு அசைகிறது, மடிந்த பூச்சு கீழே உள்ள மரத்தை விட்டுப் பிரிகிறது, ஒரு நாள் செதிலாகப் பெயர்கிறது. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தேவை பெருகி, முன்பதிவுப் பட்டியல் நீண்டு, பலகைகள் பூச்சுக்கூடத்திலிருந்து நேராகப் பொருத்தும் மேசைக்குப் போனால் இப்படித்தான் ஆகும்.

என் நண்பர் ஒருவர் வீட்டில் 1992இல் வெளிவந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' இயந்திரம் இருக்கிறது. பாலி (Bally) என்ற வணிகப் பெயரில் 20,270 எண்ணிக்கை விற்ற புகழ்பெற்ற மாதிரி அது. பல ஆண்டுகள் ஒரு மதுக்கூடத்தில் உழைத்துவிட்டு வந்தது. அதன் பலகையில் குண்டு விழும் குழிகளின் ஓரத்தில் வண்ணம் தேய்ந்திருக்கிறது, அது முதுமை. ஆனால் கம்பங்களைச் சுற்றி ஒரு மடிப்புக்கூட இல்லை. முப்பது ஆண்டு உழைத்த பலகையோடு மூன்று வாரப் பலகையை ஒப்பிட்டுப் படமெடுத்து அனுப்பியதுதான் என் முதல் புகார்க் கடிதம்.

பதில் வர பதினொரு நாளாயிற்று. குண்டு விழும் இடங்களில் சிறு குழிவுகள் ஏற்படுவது இயல்பு என்றும், அது மரத்தின் தன்மை என்றும், போகப் போகச் சமமாகிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், புதிய பலகையில் எஃகுக் குண்டு விழுந்தால் குழியும், பின்பால் வைத்திருப்பவர்கள் யாரும் அதற்காகப் புகார் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. கேட்காத கேள்விக்குச் சரியான விடை எழுதி, கேட்ட கேள்வியை அப்படியே விட்டிருந்தார்கள். இரண்டாவது கடிதத்துக்கு ஒரு சிறிய உறை வந்தது; உள்ளே பன்னிரண்டு பிளாஸ்டிக் வாஷர்கள். கம்பங்களின் அடியில் அவற்றைப் போட்டால் பெயர்ந்த இடம் மறையும் என்று ஒரு குறிப்பும் இருந்தது. மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதிலில்தான் அந்தச் சொல் இருந்தது: இது இயக்கத்தைப் பாதிக்காத, வெறும் தோற்றம் சார்ந்த குறை, ஆகவே உத்தரவாதத்தில் அடங்காது.

வாஷரை நான் மன்னித்திருப்பேன், அந்தச் சொல்லை மன்னிக்க முடியவில்லை. கேரம் பலகையின் மேற்பரப்பு உரிந்தால் அது தோற்றக் குறையா? காய் ஓடும் இடமே அதுதானே. பின்பாலில் குண்டு வேறெங்கும் ஓடுவதில்லை. பெயர்ந்த இடத்தின் விளிம்பில் குண்டு தட்டித் திசை மாறுகிறது. ஒவ்வொரு தட்டலும் விளிம்பை இன்னும் கொஞ்சம் உரிக்கிறது. மேலும், இது கழற்றி மாற்றும் உதிரிபாகமும் அல்ல. விளக்குகள், சுருள்கள், சுவிட்சுகள், கம்பிக் கட்டுகள் என்று இயந்திரத்தின் ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் இந்தப் பலகையில்தான் மேலும் கீழும் பொருத்தப்பட்டிருக்கின்றன. நான்காவது கடிதத்துக்குப் பிறகு அவர்கள், பெரிய மனதுடன், ஒரு வெற்றுப் பலகையைத் தர முன்வந்தார்கள். பழையதிலிருந்து ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிப் புதியதில் பூட்டுவது என் பொறுப்பாம். உள்ளூர்ப் பழுதுநர் ஒருவரிடம் கேட்டேன். நாற்பது மணி நேர வேலை என்றார், மணிக்கணக்கில் கூலி. "கேரம் போர்டா இருந்தா நம்ம ஊர்க் கடைக்காரர் அன்னிக்கே மாத்திக் குடுத்திருப்பாருங்க," என்றாள் என் மனைவி. இத்தனை பணம் கொடுத்து அதை வாங்கியதில் அவளுக்கு முதலிலிருந்தே உடன்பாடில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பின்பாலுக்கு எதிரான பகிரங்கக் கோபத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1942இல் நியூயார்க் நகரம் இதைச் சூதாட்டம் என்று தடைசெய்தபோது, மேயர் லா கார்டியா சம்மட்டியை எடுத்துக்கொண்டு இயந்திரங்களை உடைப்பது போலப் படங்கள் வெளியாயின. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் அதிகாரிகள் முன்னால் குண்டு எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக்காட்டி, இது திறமை சார்ந்த ஆட்டம் என்று நிறுவிய பிறகே தடை நீங்கியது. ஐந்தாவது கடிதத்துக்கு விடையே வராத அந்த செப்டம்பர் மாதத்தில், மேயரின் சம்மட்டி எனக்கும் நினைவுக்கு வந்தது. ஆனால் என் பணத்தில் வாங்கிய பொருளை நானே உடைத்தால் நஷ்டம் எனக்குத்தான். ஷார்ப் செய்ததுதான் நல்ல வழி என்று பட்டது: காட்டிவிடுவது.

அக்டோபரில் சிகாகோ புறநகர் ஒன்றில் பின்பால் கண்காட்சி நடந்தது. இத்தகைய கண்காட்சிகளில் தனிநபர்கள் தங்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து எல்லோரும் ஆடுவதற்காக வைப்பது வழக்கம். நானும் பதிவு செய்து, வாடகை வேனில் என் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனேன். மின்சாரம் கொடுத்தேன், ஆனால் கண்ணாடியை மாட்டவில்லை. ஒரு கைவிளக்கையும் பூதக்கண்ணாடியையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் ஓர் அட்டை: வாங்கிய தேதி, விலை, அன்றைய ஆட்டக் கணக்கு, ஐந்து கடிதங்களின் தேதிகள், அவற்றுக்கு வந்த விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரியில். மாத்திரை டப்பாவையும் மூடி திறந்து வைத்தேன். வசை எதுவும் எழுதவில்லை, முழக்கமும் இல்லை. அட்டையின் கடைசி வரி மட்டும் எனக்குப் பிடித்த வரி: "இது தோற்றக் குறை என்று சொல்லப்பட்டிருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம்."

வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். பழைய தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் பலகை பொருத்தியதாகச் சொன்ன முதியவர் ஒருவர், ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் கம்பம் கம்பமாக விரலை ஓட்டிவிட்டு, ஈரம் காய்வதற்குள் முறுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிப் போனார். மதியத்துக்குள் ஏழு பேர் தங்கள் கைப்பேசியில் இதே மாதிரியான படங்களை எடுத்துக் காட்டினார்கள். அவர்களில் நான்கு பேருக்கு வாஷர் உறையும் வந்திருந்தது. அட்டையை எடுத்துவிட்டால் உள்ளே போய்ப் பேசலாம் என்று நிறுவனத்தின் சட்டை அணிந்த ஓர் இளைஞர் மிகப் பணிவாகக் கேட்டார். பேசுவதற்கு எனக்கும் விருப்பம், அட்டை இங்கேயே இருந்தால் இருவருக்குமே தேதிகள் மறக்காது என்று நானும் பணிவாகவே சொன்னேன்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். விற்கும் பொருள் அதன் சாதாரணப் பயன்பாட்டுக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது, யாரும் எழுதித் தராவிட்டாலும், வணிகரின் விற்பனையில் உள்ளடங்கிய உத்தரவாதம். எழுத்தில் உத்தரவாதம் தருகிற நிறுவனம் இந்த உள்ளடங்கிய உத்தரவாதத்தை முழுவதுமாக மறுத்துவிட முடியாது என்று 1975ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் சட்டம் சொல்கிறது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பத்தாயிரம் டாலர் வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடரலாம். என் இயந்திரத்தின் விலை அதிர்ஷ்டவசமாக அந்த எல்லைக்குள் இருந்தது. வாடிக்கையாளர் பொதுவெளியில் கருத்துச் சொல்லக்கூடாது என்று அச்சிட்ட ஒப்பந்தப் படிவத்தில் விதி போட்டாலும் அது செல்லாது என்று 2016இல் தனியாக ஒரு சட்டமே இயற்றியிருக்கிறார்கள். கண்காட்சி முடிந்த மறு வாரம், எல்லா உறுப்புகளும் பூட்டிய முழுப் பலகையையும் அதை மாற்ற ஒரு பழுதுநரையும் அனுப்புவதாக வந்த கடிதத்தோடு இணைந்திருந்த படிவத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. அந்த ஒரு வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பலகை வந்துவிட்டது. அந்த ஏழு பேரில் எனக்குத் தெரிந்து இருவருக்கும் வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இன்னும் வாஷர்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஆட்டம் அருமை, வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். முன்பதிவின் முதல் தொகுதியில் வரும் இயந்திரத்தைத் தவிர்த்து ஆறு மாதம் பொறுத்து வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே கண்ணாடியை எடுத்து, டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் ஒரு குண்டுகூட உருளுவதற்கு முன் படமெடுங்கள். ஆட்டக் கணக்கு பூஜ்யமாக இருக்கும் திரையையும் சேர்த்து எடுங்கள். பிறகு யாரும் உங்கள் உபயோகத்தின் மேல் பழி போட முடியாது. கட்டணத்தைக் கடன் அட்டையில் செலுத்துங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், எழுதுங்கள்.

புதிய பலகை பூட்டி நான்கு மாதமாகிறது. ஆட்டக் கணக்கு நேற்றிரவு 340. பதினொரு கம்பங்களின் அடி தெளிவாக இருக்கிறது. இடப்பக்கத்தில், முன்பு முதலில் மடிந்த அதே இடத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மெல்லிய வளையம் ஒன்று இருக்கிறது. தேதி போட்டுப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.