ஆறு வாரமாக எலுமிச்சைச் சொட்டு: இது தண்ணீர்க் கணக்கில் வருமா?

என் மேசையில் இப்போது மூன்று குட்டி பாட்டில்கள் நிற்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், 48 மில்லி. தண்ணீரில் ஒரு பிழி பிழிந்தால் எலுமிச்சை, தர்பூசணி, பெர்ரி என்று வாசனையும் இனிப்பும் வரும். சர்க்கரை கிடையாது. ஃப்ளேவர் ட்ராப்ஸ் என்று விற்கிறார்கள், வீட்டில் நாங்கள் சொட்டு என்கிறோம். ஏகப்பட்ட கம்பெனிகள் இதே சரக்கை வேறு வேறு மூடி போட்டு விற்கின்றன. பின்பக்கப் பட்டியலைப் படித்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கம்பெனிப் பெயர் வேண்டாம், பொருளைப் பற்றிப் பேசுவோம்.

இதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. போன வருடம் எனக்குச் சிறுநீரகத்தில் கல். நான்கு மில்லிமீட்டர்தான். அது வெளியே வந்த ராத்திரியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மருத்துவர் சொன்ன ஒரு வரியை மட்டும் சொல்கிறேன்: "எவ்வளவு குடிக்கிறீங்கன்னு நான் கேக்கல. எவ்வளவு போகுதுன்னு பாக்கணும். ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் போகணும்."

அதற்காக ஒரு கேன் கொடுத்தார்கள். 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தவர்களுக்கு அந்தக் கேனைத் தெரியும். காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்கவும், மறுநாள் காலை முதல் தடவையும் சேர்த்து, ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள். அன்றைக்கு எங்கும் போக முடியாது, யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவும் முடியாது. என் கேனில் சேர்ந்தது 1,150 மில்லி. கேட்டதில் பாதிகூட இல்லை.

பிழை திருத்துவது என் தொழில். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். பக்கத்தில் வைத்த தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் வைத்தபடியே இருக்கும். வெறும் தண்ணீர் எனக்கு இரண்டு மடக்குக்கு மேல் இறங்காது, சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அலாரம் வைத்துப் பார்த்தேன். கோடு போட்ட பெரிய பாட்டில் வாங்கிப் பார்த்தேன். கடைசியில்தான் சொட்டு.

முதல் நாளே வீட்டில் வழக்கு. நான் டம்ளரில் பிழிந்து கலக்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "கலர் தண்ணியெல்லாம் தண்ணிக் கணக்குல வராதும்மா" என்றார்.

"பின்ன இது என்னங்க, காத்தா?" என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. எங்கு திரும்பினாலும் "காபி, டீ, ஜூஸ் எதுவும் தண்ணீர் ஆகாது, வெறும் தண்ணீர் எட்டு டம்ளர்" என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். என் தொழில்புத்தி, மூலத்தைப் பார்க்காமல் விடாது. அந்த எட்டு டம்ளருக்கு அடிக்கடி காட்டப்படும் மூலம் 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் சொன்ன ஒரு பரிந்துரை. பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று அதில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளியே, அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் இருக்கிறது. அந்த வாக்கியத்தை யாரோ தவறவிட்டுவிட்டார்கள். ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் 2002இல் இதைத் தேடிப் போய், எட்டு டம்ளருக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார். ஒரு வாக்கியம் விடுபட்டால் என்ன ஆகும் என்று என்னைப் போன்றவர்களிடம் கேளுங்கள்.

அதே நாட்டு மருத்துவக் கழகம் 2004இல் புதிதாக ஓர் அளவு சொன்னது: ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர். பயமாக இருக்கிறதா? அது மொத்த நீர். சாப்பாட்டில் வருவது, காபியில் வருவது, ஜூஸில் வருவது எல்லாம் சேர்த்து. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே வந்துவிடுகிறது. 2010இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதும் இதே மாதிரி மொத்தக் கணக்குதான், ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 2 லிட்டர்.

என் சொட்டின் கணக்கு இன்னும் எளிது. ஒரு பாட்டிலில் 24 டம்ளர் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 240 மில்லி டம்ளருக்கு 2 மில்லி சொட்டு. மீதி முழுக்க நானே ஊற்றிய தண்ணீர். இரண்டு மில்லி விழுந்ததற்காக அத்தனையும் தண்ணீர் இல்லாமல் போய்விடுமா?

ஐந்தாவது வாரம் மறுபடி கேன். இந்தத் தடவை 2,300 மில்லி. வீட்டுக்காரர் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். இதில் சொட்டுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. முன்பு குடிக்காததை இப்போது குடிக்கிறேன், அவ்வளவுதான். சிறுநீரகம் எந்த வாசனையில் வந்தது என்று விசாரிப்பதில்லை.

இப்போது சாமானைப் பற்றி. எலுமிச்சை நன்றாக இருக்கிறது. பெட்டியில் சொன்னபடி பிழிந்தால் இனிப்பு நாக்கைக் கட்டிவிடும், நான் அதில் கால்வாசிதான் விடுகிறேன். அந்த அளவில் இனிப்பு தெரியாது, தண்ணீரின் சப்பென்ற தன்மை மட்டும் போகும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நன்று. தர்பூசணி முதல் மடக்கில் தர்பூசணி, இரண்டாவது மடக்கில் பபிள்கம். பெர்ரியைப் பற்றி என்ன சொல்ல? என் மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இது இருமல் மருந்து" என்றாள். அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

மூடி மோசம். கிளிக் என்று சத்தம் வரும், மூடிவிட்டதாக நினைப்போம், மூடியிருக்காது. பையில் படுக்கவைத்து எடுத்துப் போனேன், ஒரு புத்தகத்தின் மூன்றாம் மெய்ப்பில் பதினாறு பக்கம் இளஞ்சிவப்பாகிவிட்டது. எழுத்தாளரிடம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. கம்பெனிக்கு எழுதினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

கூடவே ஒரு ஸ்மார்ட் பாட்டிலும் வாங்கித் தொலைத்தேன். அடியில் விளக்கு எரியும், குடித்ததைக் கைபேசிச் செயலியில் ஏற்றும். விளக்கு அழகு. செயலிதான் வம்பு. வெறும் தண்ணீர் 200 மில்லி குடித்தால் 200 ஏறும். சுவையூட்டிய தண்ணீர் என்று அழுத்தினால் 160. காபி என்று அழுத்தினால் இருப்பதிலிருந்து 50 கழிகிறது! காபி குடித்தால் ஏற்கெனவே குடித்த தண்ணீரையும் பிடுங்கிக்கொள்ளுமாம்.

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. காபி உடம்பு நீரை வற்றவைக்கும் என்ற பேச்சு பழையது, அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் காபி குடித்துப் பழகிய 50 ஆண்களுக்கு மூன்று நாள் நாலு கப் காபியும், இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். உடலின் நீர்ச்சத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2016இல் வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் கேன் சோதனையின் பெரியண்ணன் அது. 72 ஆண்கள், 13 பானங்கள். ஒரு லிட்டரை அரை மணி நேரத்தில் குடிக்கவேண்டும், அடுத்த நான்கு மணி நேரம் எவ்வளவு வெளியே போகிறது என்று அளப்பார்கள். காபி, டீ, கோலா, சர்க்கரையில்லாத கோலா, சோடாத் தண்ணீர் எல்லாம் வெறும் தண்ணீர் மாதிரியேதான் போயிருக்கின்றன. உடம்பில் தங்கியதில் தண்ணீரை முந்தியவை பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலும். லாகர் பியர்கூட அந்த நான்கு மணி நேரத்தில் தண்ணீரோடு ஒட்டித்தான் இருந்தது. அதற்காக யாரும் அதைத் தண்ணீர்க் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கடுமையான மது வேறு கதை, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையே அது அடக்கிவிடும்.

ஆக செயலியை அழித்துவிட்டேன். பாட்டிலை விளக்குக்காக வைத்திருக்கிறேன்.

சரி, எல்லாம் கணக்கில் வரும் என்றால் ஏன் கோலாவே குடிக்கக்கூடாது என்று மகள் கேட்டாள். வரும், ஆனால் 330 மில்லி கோலாவோடு கிட்டத்தட்ட 35 கிராம் சர்க்கரையும் வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 50 கிராமுக்குள் என்கிறது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. தண்ணீராகக் கணக்கில் வருவது வேறு, தண்ணீருக்குப் பதிலாக நாள்முழுக்கக் குடிப்பது வேறு. அவளுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

சொட்டிலும் கூட வருவது ஒன்று இருக்கிறது, அதைப் பெட்டியின் முன்பக்கம் யாரும் போடுவதில்லை. பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து இருப்பது சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம். மூன்றாவது வாரம் பல் கூச ஆரம்பித்தது. மகளின் பள்ளி அறிவியல் பெட்டியிலிருந்து, அமிலத்தை அளக்கும் பிஹெச் தாள் ஒன்றை (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) எடுத்து, பெட்டியில் சொன்ன அளவுக்கே சொட்டு கலந்து முக்கினோம். நிறம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது. பல் எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்காக உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எச்சிலுக்கு அமிலத்தைச் சமாளிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அந்த நேரத்தை நான் கொடுக்கவே இல்லை.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். சொட்டு கலந்ததை உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்துவிடுவது, பின்னால் ஒரு வாய் வெறும் தண்ணீர் கொப்பளிப்பது. குடித்த உடனே பல் துலக்குவதில்லை, இளகியிருக்கும் எனாமலைத் தேய்ப்பது போலாகிவிடும். கூச்சம் குறைந்திருக்கிறது. இந்த ஒரு குறிப்பைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் நான் ஒரு நட்சத்திரம் கூடவே கொடுத்திருப்பேன்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது என்றால் சுக்ரலோஸ், சர்க்கரையைப் போல சுமார் 600 மடங்கு இனிப்பு. எடை குறைக்க இந்த வகை இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. நான் எடைக்காக வாங்கவில்லை.

அப்புறம் எலுமிச்சை என்றதும் கல்லைக் கரைக்குமா என்று கேட்பவர்களுக்கு. நானும் அதே ஆசையில் மருத்துவரிடம் கேட்டேன், சிரித்தார். கல் சேராமல் இருக்கக் கொடுக்கும் பொட்டாசியம் சிட்ரேட் வேறு, இந்தப் பாட்டிலில் வாசனைக்கும் புளிப்புக்கும் போட்ட துளி வேறு. எனக்கு உதவுவது தண்ணீரின் அளவுதான். அதற்கு உறுதியான சான்று இருக்கிறது: 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வில், முதல் தடவை கல் வந்தவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு மறுபடி கல் வந்தது, வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு.

நடுவில் ஒரு வாரம் எலக்ட்ரோலைட் என்கிற உப்புச்சத்துப் பொடிப் பாக்கெட்டுக்கும் மாறிப் பார்த்தேன், தோழி கொடுத்தாள். சுவை சொட்டைவிட மேல். ஆனால் ஒரு பாக்கெட்டில் 500 மில்லிகிராம் சோடியம். நாள் முழுவதற்கும் 2,000க்குள் என்பது பரிந்துரை. நான் நாலு பாக்கெட் கலக்கினால் சாப்பாட்டில் உப்பே போடமுடியாது. போதாததற்கு, சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், என் கல் கால்சியக் கல். வியர்த்துக் கொட்ட உழைப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றெழுத்து தேடுபவளுக்கு எதற்கு?

இதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் இதெல்லாம் கணக்கில் வரும், ஆனால் எதிர்ப்பக்கத்தில். சொட்டு கலந்த டம்ளரும் காபியும் அந்த அளவுக்குள்தான் அடங்கவேண்டும்.

எலுமிச்சைக்கு ஐந்தில் நாலு, தர்பூசணிக்கு இரண்டு, மூடிக்கு ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் தானாக இறங்குகிறவர்கள் வாங்கத் தேவையே இல்லை. எலுமிச்சை இன்னொன்று வாங்கிவிட்டேன். பெர்ரி முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது, வேண்டுமென்பவர்கள் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன். எடுத்துப்போகும்போது நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.