ஒரு லைட்டை அணைக்க 38,500 ரூபாய்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கார் வச்சிருக்கிறவங்க கவனத்துக்கு

கோவம் அடங்கட்டும்னு காத்திருந்தா இதை எழுதவே மாட்டேன், அதனால இப்பவே எழுதிடறேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 38,500 ரூபாய். டேஷ்போர்டுல எரிஞ்ச ஒரு மஞ்சள் லைட்டை அணைக்கக் குடுத்த காசு. அந்த லைட்டு இப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

கடை பேரைச் சொல்ல மாட்டேன். புகார் போட்டிருக்கேன், முடியற வரைக்கும் பேரை எங்கயும் எழுதாதேன்னு வக்கீலா இருக்கிற என் மச்சினன் கண்டிப்பா சொல்லிட்டான். கிருஷ்ணகிரியில ஹைவேயை ஒட்டி, எல்லா கம்பெனி காரும் பாக்குற ஒரு மல்டி பிராண்டு ஒர்க்‌ஷாப். அவ்வளவுதான். இன்பாக்ஸ்ல வந்து கேட்டாலும் இதேதான் பதில். எதையெல்லாம் பாத்து சூதானமா இருக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

என்னோடது 2018 மாடல் சின்ன பெட்ரோல் கார், பிஎஸ்4 வண்டி (அப்போ இருந்த புகை அளவு விதிப்படி செஞ்சது). சேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு காவேரிப்பட்டணம் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல செக் இன்ஜின் லைட் எரிஞ்சது. மினுக்கல, நிலையா எரிஞ்சது. பிக்கப் குறையல, மைலேஜ் குறையல. ஒண்ணே ஒண்ணு, கொஞ்ச நாளா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது அடியில 'டிக் டிக்'னு ஒரு சத்தம் வரும், இன்ஜின் சூடானதும் போயிடும். இந்தச் சத்தத்தை ஞாபகம் வச்சுக்குங்க.

ஒர்க்‌ஷாப் பாக்க அவ்வளவு சுத்தம். தரையில ஆயில் கறை கிடையாது, பசங்க எல்லாரும் ஒரே கலர் சட்டை, சுவத்துல பெருசா "கம்ப்யூட்டர் முறையில் பழுது கண்டறியப்படும்"னு போர்டு. ஓனருக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். "வாங்ணா, உக்காருங்ணா"ன்னு நாற்காலி போட்டு, டீ வரவழைச்சு, எந்த ஊருன்னு கேட்டான். காவேரிப்பட்டணம்னதும், "எங்க அம்மா ஊரு பாலக்கோடு பக்கந்தாங்ணா, சின்ன வயசுல நிப்பட்டு வாங்க உங்க ஊருக்குத்தான் வருவோம்"னான். அப்புறம் ஒரு டேப்லெட் சைஸ் ஸ்கேனரை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகினான். பி0420னு ஒரு எர்ரர் கோடு (code) வந்தது. திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்ணா, நான் சொல்லல, உங்க வண்டியே சொல்லுது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போச்சு"ன்னான். சைலன்சருக்குப் போற வழியில, புகையில இருக்கிற நச்சைக் குறைக்கிற பாகம் அது.

இந்த இடத்துலதான் நான் நம்பினேன். ஒரு மெஷின் சொல்லுதுங்கும்போது யாருதாங்க நம்ப மாட்டாங்க? அதுக்கு மேல ஒரு தட்டுல வச்சிருந்த உடைஞ்ச பீஸ் ஒண்ணை எடுத்துட்டு வந்தான். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டையா, கறுத்துப் போய், கையில எடுத்தா பொடிப்பொடியா உதிருது. "உங்க வண்டி உள்ள இப்ப இந்த நிலைமையிலதான் இருக்கும். இது அப்படியே சைலன்சர்ல அடைச்சா நடுரோட்டுல நின்னுடும்ணா, குடும்பத்தோட போறவங்க நீங்க." என் வண்டியை இன்னும் லிஃப்ட்ல கூட ஏத்தல, பாத்துக்குங்க. காலையில வர்ற 'டிக் டிக்' சத்தத்தைப் பத்திச் சொன்னேன். "அது டேப்பெட் (இன்ஜின் வால்வு) சவுண்டுண்ணா, ஓடின வண்டிக்கு வரத்தான் செய்யும்"னு தள்ளிட்டான்.

கம்பெனி ஷோரூம்ல எழுபதாயிரத்துக்கு மேல ஆகும், நாம 38,500-ல முடிச்சுடலாம், ஒரிஜினல் சரக்கு, ஒரு வருஷம் கேரண்டின்னான். மாந்தோப்பு குத்தகைக் காசு அப்பதான் கைக்கு வந்திருந்தது. ஜிபேயில இருபதாயிரம் அட்வான்ஸ், மிச்சம் 18,500 வண்டி எடுக்கும்போது ரொக்கமா. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டா உங்களுக்குத்தாண்ணா சுமை"ன்னு சொல்லி, லெட்டர்பேடு கூட இல்லாத ஒரு வெள்ளைத்தாள்ல "கன்வர்ட்டர் வேலை - 38,500"ன்னு எழுதிக் குடுத்தான். 'கன்வர்ட்டர் மாற்றம்'னு எழுதல, 'வேலை'. பழைய பீஸ் எங்கன்னு கேட்டதுக்கு, "காயலான்காரன் அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாண்ணா, அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"ன்னு சிரிச்சான். என்ன பண்ணப் போறேனா! அந்தச் சிரிப்பை நினைச்சாதான் இப்ப ரத்தம் கொதிக்குது.

லைட் அணைஞ்சிருந்தது. வண்டி முன்னைவிடக் கொஞ்சம் உறுமுது, புது பீஸ் செட் ஆகணும்ணான்.

கொஞ்ச நாள்தான். ராயக்கோட்டை போற வழியில மறுபடி அதே மஞ்சள் லைட். போன் அடிச்சா முதல்ல, "பெட்ரோல் சரியில்லைண்ணா, இந்த எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுல இருந்து எல்லா வண்டிக்கும் இதே ரோதனைதான், ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்க." ஓட்டினேன். அப்புறம், "ஓனர் பெங்களூரு போயிருக்காருங்க." அப்புறம், "சார், ஸ்கேனர் சர்வீஸுக்குப் போயிருக்கு." வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா ரெண்டு நீல டிக், பதில் கிடையாது. 'அண்ணா' எப்ப 'சார்' ஆனேன்னு எனக்கே தெரியல.

இதுக்கு நடுவுல புகைச் சான்று முடிஞ்சுடுச்சு. தர்மபுரியில ஒரு பங்க்ல இருக்கிற டெஸ்ட் சென்டருக்குப் போனேன். பல இடத்துல குழாயை சைலன்சருக்குள்ள விடாமயே சர்டிபிகேட்டை நீட்டுவாங்க, இந்தப் பையன் ஒழுங்கா டெஸ்ட் பண்ணான். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், அதுக்கு மேல போகக்கூடாது. என் வண்டியில ரெண்டுமே தாண்டி நிக்குது. அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "அண்ணா, உள்ள கன்வர்ட்டர் இருக்கா இல்லையா?"ன்னு கேட்டான். இப்பத்தான் 38,500 குடுத்து மாத்தினேன்னேன். அவன் ஒண்ணும் பேசல.

அங்கிருந்து நேரா பாலக்கோட்டுல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். புளியமரத்தடியில ஒரு குழி, ரெண்டு டூல்ஸ் பெட்டி, அதுதான் அவர் கடை. அவர்கிட்டயும் ஸ்கேனர் இருந்தது, தீப்பெட்டி சைஸ்ல ஒரு ப்ளூடூத் பிளக். ஸ்டீயரிங் அடியில இருக்கிற பதினாறு பின் சாக்கெட்டுல சொருகிட்டு போன்ல ஆப் திறந்தார். கோடு அதே பி0420. "இந்த நம்பரு கன்வர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யலைன்னு கம்ப்யூட்டர் சந்தேகப்படுதுன்னுதான் சொல்லும் தம்பி. மாத்துன்னு சொல்லாது. எதனாலன்னு நாமதான் தேடணும்"னார்.

அப்புறம் கிராஃப் காட்டினார். கன்வர்ட்டருக்கு முன்னாடி புகையில இருக்கிற ஆக்சிஜனைப் பாக்குற ஒரு சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி சென்சார் ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல குதிச்சுக்கிட்டே இருக்கணும், பின்னாடி சென்சார் 0.6, 0.7 பக்கம் ஆடாம நிக்கணும். பின்னாடியும் முன்னாடி மாதிரியே குதிச்சா கன்வர்ட்டர் வேலை செய்யலன்னு அர்த்தம், இல்ல நடுவுல எங்கயோ வெளிக்காத்து உள்ள புகுதுன்னு அர்த்தம். என் வண்டியில ரெண்டு சென்சார் கிராஃபும் போட்டி போட்டுக் குதிக்குது. அந்த ஒர்க்‌ஷாப்ல இந்தக் கிராஃபை எனக்குக் காட்டவே இல்ல. அவ்வளவு பெரிய டேப்லெட்டுல ஒரே ஒரு நம்பரைக் காட்டினான்.

வண்டியைக் குழி மேல நிறுத்தி என்னையும் கீழ இறக்கினார். கன்வர்ட்டர் வெளிக்கூடு அதே பழைய கூடுதான், ஏழு வருஷத் துரு அப்படியே இருக்கு. ஆனா ஒரு பக்கம் நீளவாக்குல வெட்டி, திரும்ப வெல்டிங் வச்சு, மேல சில்வர் ஸ்ப்ரே அடிச்சிருக்கு. நகத்தால சுரண்டினதும் பெயிண்ட் உரிஞ்சு வெல்டிங் தடம் பளிச்சுன்னு தெரிஞ்சது. ஸ்பேனரால தட்டினார், 'டங்'குனு உள்ள ஒண்ணுமே இல்லாத சத்தம். புதுசு போடவே இல்லங்க. இருந்ததை வெட்டி, உள்ள இருந்த சரக்கை உருவிட்டு, வெறும் கூட்டை மூடி அனுப்பியிருக்காங்க. பின்னாடி சென்சாருக்கு அடியில அரை விரல் உயரத்துக்கு ஒரு நட்டு வச்சுத் தூக்கியிருந்தாங்க, புகை நேரா படாம கம்ப்யூட்டரை ஏமாத்தறதுக்கு. தெரியாம செஞ்ச வேலை எதுவும் இதுல இல்ல.

எதுக்கு உருவணும்? உள்ள தேன்கூடு மாதிரி இருக்கிற அந்தப் பீங்கான் சரக்கு மேல பூசியிருக்கிறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். ரோடியம் தங்கத்தை விட விலை அதிகம். ஒரு கார்ல இருக்கிறது சில கிராம்தான், ஆனா அதை வாங்கறதுக்குன்னே ஆளுங்க சுத்தறாங்களாம். ஆக என் பொருளையும் வித்திருக்கான், என்கிட்ட 38,500-ம் வாங்கியிருக்கான்.

உண்மையான கோளாறு என்னன்னா, ரெண்டு சென்சாருக்கும் நடுவுல பைப் சேர்ற இடத்துல ஒரு கேஸ்கெட் (புகை கசியாம அடைக்கிற வளையம்) போயிருக்கு. காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சர் வாயில துணியைச் சுருட்டி அடைச்சார். அந்த இணைப்புல 'புஸ்'ஸுன்னு காத்து வெளிய வருது, சுத்தி கறுப்பா கரி. இரும்பு சூடாகி விரிஞ்சதும் இடுக்கு குறுகி சத்தம் நிக்குது. நான் முதல் நாளே சொன்ன 'டிக் டிக்' இதுதான்! அந்த இடுக்கு வழியா காத்து உள்ள போய் பின்னாடி சென்சாரைக் குழப்பியிருக்கு. கேஸ்கெட் விலை சில நூறு ரூபா. ஏற்கெனவே இருந்த கன்வர்ட்டர் நல்லா இருந்ததான்னு கேட்டேன். "அறுபதாயிரம் சொச்சம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா பொருளே இல்லாம எப்படித் தம்பி அடிச்சுச் சொல்றது?"ன்னார்.

வெல்டிங்கைப் போட்டோ எடுத்துக்கிட்டு நேர்ல போனேன். ஓனர் இந்தத் தடவை ஊர்லதான் இருந்தான். டீ வரல. "இதை நாங்கதான் வெட்டினோம்னு என்ன ப்ரூஃப் சார்? வேற எங்கயாவது கை வச்சிருப்பாங்க." 38,500 குடுத்தேனேன்னா, "வேலைக்குத்தானே குடுத்தீங்க, வேலை செஞ்சு குடுத்துட்டோமே"ன்னு அந்த வெள்ளைத்தாளையே எனக்குக் காட்டறான். கடைசியா குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னான் பாருங்க: "இன்னொரு நாலாயிரம் குடுங்க சார், சாஃப்ட்வேர்ல அந்தக் கோடையே தூக்கிடறேன், ஆயுசுக்கும் லைட் எரியாது." எனக்குக் கை நடுங்கிடுச்சு, வெளிய வந்துட்டேன். கன்வர்ட்டர் இல்லாத வண்டியோட ரோட்டுல மாட்டினா பதில் சொல்ல வேண்டியது வண்டி ஓனர் நான்தான். புகைச் சான்று இல்லாம ஓட்டினா சட்டத்துல 10,000 வரைக்கும் அபராதம் இருக்கு.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணியாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு. அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு மனுக்கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஜிபே இருபதாயிரத்துக்கு ரெக்கார்டு இருக்கு. ரொக்கமா குடுத்த 18,500-க்கு அந்த வெள்ளைத்தாள்தான்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், மணி ஒண்ணாகப் போகுது, முடியல. முக்கியமானது மட்டும்.

பழைய பாகத்தைக் கையில வாங்காம பாக்கிக் காசைக் குடுக்காதீங்க. கன்வர்ட்டர்னா கண்டிப்பா வாங்குங்க. பாகத்தோட பேரும் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாம வேலையை ஆரம்பிக்க விடாதீங்க.

கோடு நம்பரை மட்டும் காட்டினா கிராஃபையும் காட்டச் சொல்லுங்க. ஆயிரம் ரூபாய்க்குள்ள ப்ளூடூத் பிளக் ஆன்லைன்ல கிடைக்குது, நீங்களே பாத்துட்டுப் போங்க. லைட் அணைஞ்சதை வச்சு வேலை முடிஞ்சதுன்னு நம்பாதீங்க. கோடை அழிச்சா லைட் அணையும், கம்ப்யூட்டர் திரும்ப எல்லாத்தையும் சோதிச்சு முடிக்க சில தடவை ஓட்டணும், அது வரைக்கும் சத்தமில்லாம இருக்கும். அதுக்குள்ள அவன் காசை எண்ணி முடிச்சிருப்பான்.

லைட் நிலையா எரிஞ்சா பதறாம ரெண்டு இடத்துல காட்டலாம். விட்டு விட்டு மினுக்கினா மட்டும் ஓட்டாதீங்க, இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகுதுன்னு அர்த்தம், எரியாத பெட்ரோல் போய் நல்லா இருக்கிற கன்வர்ட்டரையும் உருக்கிடும். அடியில புகை லீக் இருக்கிற வண்டியில கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசி போட்டு உள்ள தூங்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

வண்டி இப்ப பாலக்கோட்டுலயே நிக்குது. கேஸ்கெட் மாத்தியாச்சு, கன்வர்ட்டருக்கு ஓசூர்ல விலை விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ்ல இருக்கிறவங்க யாராவது 2018 பிஎஸ்4 வண்டிக்கு ஒரிஜினல் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க, பில்லோட.