தோள்பையா, முதுகுப்பையா: வளாகத்துக்குப் போய்வரும் மாணவருக்கு எது போதும்?

வவுனியா நகரில் அறை எடுத்துத் தங்கி, மன்னார் வீதி வழியாகப் பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போய்வரும் மாணவருக்கும், கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்வரும் பொறியியல் அல்லது விவசாயபீட மாணவருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. காலையில் கதவைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டால், மாலைவரை அறைக்குத் திரும்பிவர வழியில்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியில் படிப்பவர், பேனை தீர்ந்தால் வாசலைத் தாண்டிப் போய் வாங்கிவிடலாம். இங்கே அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. எனவே, ஒரு பொருளைச் சுமப்பதா விடுவதா என்பதை நான் ஒரே கேள்வியால்தான் தீர்மானிப்பேன்: போன இடத்தில் அதை வாங்கவோ நண்பரிடம் இரவல் கேட்கவோ முடியுமா? முடியுமென்றால் அது அறையிலேயே இருக்கட்டும்.

முதலில் பை. சட்டைப்பையும் காற்சட்டைப்பையும் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். விடுதியிலேயே தங்குபவருக்கு அது பொருந்தலாம், பஸ்ஸில் வருபவருக்குப் பொருந்தாது. குறுக்கே மாட்டும் சிறிய தோள்பை நெரிசலான பஸ்ஸில் மிகவும் வசதியானது. உடம்போடு ஒட்டி முன்பக்கம் கிடப்பதால் ஒருவர்மீதும் இடிக்காது, ஏறும்போதே கையை விட்டுச் சில்லறையை எடுக்கலாம். ஆனால் முழுப் பாரமும் ஒரே தோளில் விழும் என்பதால், மடிக்கணினி கொண்டுபோகும் நாளில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒன்றரை இரண்டு கிலோகிராம் எடையுள்ள கணினியை இரு தோள்களிலும் பகிர்ந்து சுமக்க முதுகுப்பையே வேண்டும், அதுவும் 15 முதல் 20 லீற்றர் கொள்ளளவுக்கு மேற்படாமல். முப்பது லீற்றர் பையை வாங்கியவர் அதை ஒருநாளும் வெறுமையாக வைத்திருந்ததை நான் கண்டதில்லை. ஒரு மாதத்தில் கடந்த தவணைக் குறிப்புகளும் ஒரு குளிர்ச்சட்டையும் அதற்குள் குடியேறிவிடும்.

மின்சக்தி விடயத்தில்தான் அதிகமானோர் தேவைக்கு மேல் சுமக்கிறார்கள். 10,000 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்ட பவர் பாங்க், 5,000 கொள்ளளவுள்ள கைத்தொலைபேசியை இரண்டு முறை நிரப்பும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த 10,000 என்ற எண் உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ற்று அளவில் கணக்கிடப்பட்டது. அதன் சக்தி 37 வாற்று மணி (Wh). வெளியே 5 வோல்ற்றாக உயர்த்தும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால், கைக்கு வருவது ஏறக்குறைய 30 வாற்று மணிதான். அந்தத் தொலைபேசியின் மின்கலம் 19 வாற்று மணி அளவானது என்றால், ஒன்றரை முறை நிரப்பலாம். ஒரு நாள் விரிவுரைக்கு அது தாராளம். 20,000 கொள்ளளவுள்ளது மூன்று முறை நிரப்பும், ஆனால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும்; இரவில் அறைக்குத் திரும்பி மின்னேற்றக்கூடியவர், அந்த மேலதிகப் பாரத்தை எதற்காகத் தினமும் சுமக்க வேண்டும்? கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ இரவு பஸ்ஸில் போகும்போது அதை இரவல் வாங்கினால் போதும்.

பவர் பாங்கை விட்டுவிட்டு மின்னேற்றியை மட்டும் கொண்டுபோகலாமே என்பது மூன்றாவது தெரிவு. அது மலிவு, எடையும் குறைவு. ஆனால் நம் நாட்டில் பழைய கட்டடங்களில் உருண்டை முனைச் செருகிகளும் புதியவற்றில் 13 அம்பியர் சதுர முனைச் செருகிகளும் கலந்து கிடப்பதால், செருகி மாற்றியையும் சேர்த்தே சுமக்க நேரும். நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் சுவரோரம் இடம்பிடித்தவருக்குத்தான் மின்சாரமும் கிடைக்கும். ஆகவே என் வாக்கு சிறிய பவர் பாங்குக்கே. ஒரு எச்சரிக்கை: மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் அதை இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்திப் போகக்கூடாது. லிதியம் மின்கலத்துக்கு வெப்பம்தான் முதல் எதிரி, வன்னி வெயிலோ இரக்கம் பார்க்காதது.

தண்ணீரை எந்தக் கணக்கிலும் குறைக்க முடியாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் என்பதால், பையில் மிகப் பாரமான பொருள் பெரும்பாலும் அதுவே. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் (அந்தக் காற்றுக்கும் முறிகண்டியில் வாங்கிக் கொறிக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வந்தது எப்படியோ) வாய் உலர்ந்துபோகும், கிணற்று நீரோ பல இடங்களில் உப்புகள் மிகுந்த கடின நீர். இரட்டைச் சுவருள்ள உருக்குப் போத்தல் தண்ணீரைக் குளிராக வைத்திருக்கும், ஆனால் வெறும் போத்தலே சாதாரண பிளாஸ்ரிக் போத்தலைவிடப் பல மடங்கு எடையுள்ளது. வளாகத்தில் வடிகட்டிய நீர் கிடைக்குமானால், 750 மில்லிலீற்றர் கொண்ட ஒற்றைச் சுவர் உருக்குப் போத்தலே நடுநிலையான தெரிவு. நிரப்பும் இடம் உறுதியில்லாவிட்டால் எடையைப் பாராமல் ஒரு லீற்றரைக் கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கிய மெல்லிய போத்தலையே மாதக்கணக்கில் நிரப்பிக் குடிப்பது சிக்கனமாகத் தோன்றினாலும், அதன் குறுகிய வாயைக் கழுவ முடியாது என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

குடையும் மழைச்சட்டையும் என்ற போட்டியில் வாகனமே தீர்ப்புச் சொல்லும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வருபவருக்குக் குடையால் பயனில்லை. பஸ்ஸில் வருபவருக்கு மடக்குக் குடை ஆண்டு முழுவதும் உதவும்: ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு, சித்திரையில் வெயிலுக்கு. மழைச்சட்டை அணிபவர் மறக்கும் விடயம், நனைந்த சட்டையை எங்கே வைப்பது என்பது. அதற்கென ஒரு பொலித்தீன் பை இல்லாவிட்டால் கொப்பிகளும் சேர்ந்து நனையும்.

கொப்பிகள் என்றதும் என் பழைய தவறு நினைவுக்கு வருகிறது. முதலாம் ஆண்டில் ஐந்து பாடங்களுக்கு ஐந்து தடித்த கொப்பிகளை நாள்தோறும் சுமந்தேன். பிறகு தனித்தாள்களுக்கு மாறினேன். வழக்கமான ஏ4 தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுடையது. பதினாறு தாள்கள் ஒரு சதுர மீற்றர் ஆவதால் ஒரு தாள் 5 கிராம். இருபது தாள்கள் வெறும் 100 கிராம், ஒரு நாளுக்கு அதுவே மிஞ்சும். அன்றிரவே பாடவாரியாகக் கோப்பில் சேர்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த முறை ஆகாது. அவருக்குக் கொப்பியே பாதுகாப்பு. ரப்லெற் கணினி இரண்டையும் வெல்லும் என்பார்கள், சமன்பாடுகளை வேகமாக எழுதும் வகுப்பில் அதற்குரிய எழுதுகோலும் வேண்டியிருப்பதால் செலவு கூடும். பொறியியல் மாணவரின் கணிப்பானைத் தொலைபேசிச் செயலி ஈடுசெய்யாது, பரீட்சை மண்டபத்தில் தொலைபேசிக்கு இடமில்லை.

மீதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். தேசிய அடையாள அட்டை, மாணவர் அட்டை, வங்கி அட்டை ஆகிய மூன்றுக்கும் மெல்லிய அட்டைப்பை போதும். தடித்த பணப்பையைப் பின்பையில் வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இடுப்பு நரம்பு நோகும். சில்லறையை அட்டைகளோடு கலக்காமல் சட்டைப்பையில் வைத்தால் நடத்துநர் முன்னால் தேட வேண்டியதில்லை. அறைத் திறப்பு இருவருக்கு ஒன்றாக இருந்தால் இன்னொன்று வெட்டுவித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நண்பர் வரும்வரை காத்திருந்த மாலைகளை நான் எண்ணவே விரும்பவில்லை.