வேக்குவம் கதவா, மோட்டார் கதவா?

வண்டியில் ஏசி குளிர்கிறது, ஆனால் காற்று முகத்துக்கு வராமல் முன்கண்ணாடிக்குப் போகிறது. 1997–2003 ஃபோர்டு எஃப்-150 மாதிரிப் பழைய பிக்கப்பில் காற்றுக்கதவை (டேஷ்போர்டுக்குள் காற்றைத் திசைதிருப்பும் தகடு) இழுப்பது எஞ்சினின் வேக்குவம், அதாவது எஞ்சின் உறிஞ்சும் இழுவிசை. மேடேற ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அது குறையும். குழாயில் கசிவும் இருந்தால் கதவு கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். (கண்ணாடி மங்கக்கூடாதென்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.) ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று முகத்துக்குத் திரும்புகிறதா? சரி, எஞ்சின் பக்கத்து ரப்பர் குழாயையும் செக் வால்வையும் (ஒருவழி அடைப்பான்) முதலில் பாருங்கள். பெரும்பாலும் சில்லறைச் செலவுதான்.

பிந்தைய வண்டிகளில் கதவை அசைப்பது சின்ன மின்மோட்டார். ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் டக்டக் என்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றாலும் சந்தேகம் இதன்மேல்தான். ஆனால் ஏசியின் குளிரூட்டும் கேஸ் குறைந்தாலும் அப்படி ஆகும், அதையும் பார்த்துவிடுங்கள். கண்டுபிடிப்பது இதில் சுலபம், கழற்றுவதுதான் மல்லுக்கட்டு.