கச்சான் காற்றும் காரின் மேப்பும்: மூன்று வருட மின்சாரக் கார் அனுபவம்

2022 இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற நாட்களில்தான் மின்சாரக் கார் எடுப்பது என்று முடிவு செய்தேன். பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனபோது என்னுடையது வீட்டு வாசலில் நின்றது. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த 2018 ஆம் ஆண்டு வாகனம், 40 கிலோவாற் மணி பற்றரி. வீடு திருகோணமலை உவர்மலையில், வேலை நகருக்குள். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை கொழும்புப் பயணம், ஒரு வழி சுமார் 260 கிலோமீற்றர். மோட்டாரிலும் பற்றரியிலும் இன்றுவரை எனக்குக் குறையில்லை. வாங்கும்போது நான் பார்க்காமல் விட்டது காரோடு வந்த நேவிகேஷனைத்தான்.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடப்படவில்லை என்ற அறிவிப்பு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேப்பில் ஜப்பான் மட்டும்தான் இருந்தது. நான் அனுராதபுரச் சந்தியில் நிற்க, அது என்னை வேறு கடலோரத்தில் காட்டியது. போனைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன்.

பாதை காட்ட போன் போதும்தானே என்று பலர் கேட்கிறார்கள். பெற்றோல் காருக்குப் போதும். மின்சாரக் காரில் வழி தெரிவதோடு வேலை முடிவதில்லை. ‘போய்ச் சேரும்போது பற்றரியில் எத்தனை வீதம் இருக்கும்’ என்ற இலக்கம் வேண்டும். பெரும்பாலான கார்களில் போனுக்குப் பற்றரியின் நிலை தெரியாது. காரின் டாஷ்போர்டு காட்டும் ‘இன்னும் இத்தனை கிலோமீற்றர்’ என்ற கணக்கோ அண்மையில் நாம் ஓடிய விதத்தை வைத்துப் போடப்படுவது. ஒரு கிழமை நகருக்குள் மெதுவாக ஓடினால் அது கூட்டிக் காட்டும். கந்தளாய் வீதியில் 70 இல் பிடித்தவுடன் மளமளவென்று இறங்கும்.

இங்கே கச்சானைச் சொல்லாமல் விட முடியாது. வைகாசி கழிந்தால் தென்மேற்கிலிருந்து அந்தக் காற்று அடிக்கத் தொடங்கும். கொழும்பு வழியில் திருகோணமலையிலிருந்து ஹபரணைக்குப் போகும் வீதியும் தென்மேற்கு நோக்கித்தான் போகிறது, அதனால் முகத்துக்கு நேரே காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 70 இல் ஓடினால், கார் 90 இல் போவதுபோல் காற்றைக் கிழிக்க வேண்டும். அதாவது தடை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

என் கொப்பியில் இது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் புறப்படும்போதும் ஹபரணைச் சந்தியிலும் வீதத்தை எழுதி வைப்பேன். சுமார் 85 கிலோமீற்றர் தூரம். தை மாதம், வாடைக் காற்று முதுகில் தள்ள, 32 வீதம் செலவு. ஆடி மாதம், பின்னேரம் 2 மணி, ஏசியும் போட்டு, 43 வீதம். அதே கார், அதே வேகம். ஆடியில் விடியப்புறம் 5 மணிக்குப் புறப்பட்ட நாளில் 36. இப்போது கச்சான் காலத்தில் காலை 8 மணிக்குப் பிறகு நான் கொழும்புக்கு வெளிக்கிடுவதில்லை. பொழுதுபட்டால் ஹபரணைப் பக்கம் யானை வீதிக்கு வரும், ஏசியோடு காத்திருக்க வேண்டி வரலாம். அதற்கென்று 20 வீதம் ஒதுக்கித்தான் கணக்குப் போடுகிறேன்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் மச்சான் புதுக் கார் பார்க்கத் தொடங்கினான். “அத்தான், நீங்கள் வந்து பாருங்கோ, திரை எவ்வளவு பெரிசு” என்றான். நான் கொப்பியோடு போனேன்.

இரண்டு கார்களை நம் வீதியிலேயே ஓடிப் பார்த்தோம். ஹபரணையை இலக்காகப் போட்டுவிட்டு கந்தளாய் வரை போய் வந்தோம், நல்ல கச்சான் அடித்த மத்தியானம். முதல் காரில் ‘சேரும்போது 58 வீதம்’ என்று காட்டியது. தம்பலகாமச் சந்தி தாண்டியதும் 55. கந்தளாயில் 52. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. காற்றை அது அறியாது, ஆனால் உண்மையான செலவைப் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறது. கந்தளாயிலேயே நிலைமை தெரிந்துவிட்டால் 60 இற்குக் குறைத்துப் போகலாம், அல்லது எங்கே சார்ஜ் போடுவது என்று தீர்மானிக்கலாம். இரண்டாவது காரில் மேப் அழகாக இருந்தது, ஆனால் சேருமிடத்து வீதம் எங்கேயும் இல்லை. தூரமும் நேரமும் மட்டும். அதைப் போனே சொல்லும்.

அடுத்து ஊர்ப் பெயர்கள். கன்னியா என்றால் வெந்நீர்க் கிணறுகள், நகருக்கு வடமேற்கே. கிண்ணியா என்றால் பாலம் தாண்டித் தெற்கே. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதல் காரிடம் கன்னியா என்று வாயால் சொன்னேன், மூன்று தடவையும் கிண்ணியாவுக்கே வழி போட்டது. தட்டச்சில் சரியாக வந்தது. தமிழில் தட்ட இரண்டு காரிலும் வழியில்லை. இது எனக்கு மனவருத்தம்தான், என் அம்மா அந்தக் காரில் தானாக ஓர் இடத்தைத் தேட முடியாது.

மேப்பின் வயதைப் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையிலான அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறந்தது. கொழும்புக்கு வழி போட்டு, அந்தச் சுமார் 40 கிலோமீற்றர் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேப் அதற்கு முந்தியது. வந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: அதைத் தவிர்த்து வழி கேட்டால் சேருமிட வீதம் மாறுகிறதா? 100 இல் காற்றுத் தடை 70 இல் இருப்பதைப் போல் இரு மடங்கு. மாறாவிட்டால் அந்தக் கணக்கு வேகத்தைப் பார்ப்பதில்லை.

மேப்பின் புதுப்பிப்பு எப்படி வரும், காரின் இணையத்துக்கான சிம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு இலவசம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் மேப் வேலை செய்ய வேண்டும், போனை விமானப் பயன்முறையில் போடுவதுபோல் காரின் இணையத்தை நிறுத்திப் பாருங்கள். சார்ஜர் பட்டியலை முழுதாக நம்ப வேண்டாம். ஒரு தடவை மேப்பில் இருந்த சார்ஜரைத் தேடிப் போய்ப் பூட்டிய கேற்றின் முன் நின்றேன். இப்போது முதலில் அழைத்துக் கேட்கிறேன், வேகச் சார்ஜ் பிளக்கில் என் காருக்கான சாடெமோ வகை இருக்கிறதா, சிசிஎஸ்2 வகை மட்டுமா என்று. சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கும் வசதியை விற்பனையாளர் பெரிதாகச் சொன்னார். அது குளிர் நாடுகளுக்கு, நம் வெயிலில் அதற்காகக் காசு கூடக் கொடுக்கத் தேவையில்லை.

மச்சான் முதல் காரின் பக்கம் சாய்ந்திருக்கிறான். முற்பணம் கட்டுமுன் ஒரு தடவை ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா போய் வரச் சொல்லியிருக்கிறேன். கொப்பியை அவனிடம் கொடுத்துவிட்டேன்.